சுவரை அறிந்து கழுவுவோம்

இடம்பெயர்ந்திருந்த குடும்பம் சொந்த வளவுக்குத் திரும்பியதும் முதலில் செய்ய விரும்புவது வீட்டைத் துப்புரவாக்குவதையே. 1990இலும் 1995இலும் விட்டுப்போன வீடுகளிற் பல, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் மாரியில் நனைந்தும் கோடையில் காய்ந்தும் நின்றவை. 2009இல் போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளிலும் இதே நிலைதான். சுவரிற் பாசி, ஓட்டிற் கறுப்பு, நிலையிற் கறையான் புற்று. இந்தக் கோலத்தைக் கண்டதும் கம்பித் தூரிகையையும் அமிலப் போத்தலையும் கையில் எடுக்கத் தோன்றுவது இயல்பு. ஆயினும் ஷெல்லுக்கும் மழைக்கும் தப்பி நின்ற சுவர், இந்த அவசரத்தினாற் பழுதாகிவிடலாம்.

நெல்லுக்கு அடிக்கும் மருந்தை நாம் வெங்காயத்துக்கு அடிப்பதில்லை. பயிரைப் பார்த்துத்தான் மருந்து. அதுபோலச் சுவர் எதனாற் கட்டப்பட்டது, கறை எதனால் வந்தது என்ற இரண்டையும் பார்த்தே கழுவும் முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கவனமும் பொறுமையுமே தேவை.

கழுவத் தொடங்குமுன்

1. கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணியிற் கால் வைக்க வேண்டாம். விடுவிக்கப்பட்ட காணியிலும், இடிபாட்டுக்குள் அல்லது பற்றைக்குள் இன்னதென்று தெரியாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைத்துத் துப்புரவாக்குவது மிகவும் ஆபத்தானது.

2. சேதமடைந்த வீடாயின், கழுவுமுன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். வெடிப்புகள், எரிந்த அடையாளங்கள், வெள்ளம் நின்ற கோடு ஆகியவை படத்தில் தெரிய வேண்டும். வெள்ளையடித்த பின் சேதத்தை எடுத்துக்காட்டுவது கடினம். வீட்டுத்திட்டத்துக்கோ நட்டஈட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இப்படங்கள் உதவும்.

3. சுவரைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெறுமையான சத்தம் கேட்டால் பூச்சு கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது. விரல் நுழையுமளவு வெடிப்பு, சாய்ந்த சுவர், கம்பி வெளியே தெரியும் கொங்கிறீற் வளை என்பன இருந்தால் அதன் கீழே நின்று வேலை செய்யாதீர்கள். அனுபவமுள்ள மேசனிடம் அல்லது பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

4. மின்சார இணைப்பு இருந்தால் பிரதான ஆளியை நிறுத்திய பின்னரே சுவரில் தண்ணீர் படலாம்.

எந்தக் கறை, என்ன காரணம்?

பச்சை நிறம் பாசி. ஈரம் நிற்கும் இடத்தில், பெரும்பாலும் வெயில் படாத பக்கத்தில் அது வளரும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். கரி போலப் பரவி, விரலில் ஒட்டினால் அது எரிந்த புகைக்கரி. சிவந்த கோடாக வழிந்திருந்தால் இரும்புத் துரு. வெள்ளைத் தூளாகப் பூத்திருந்தால் உப்பு.

இவற்றில் உப்பையே பலரும் பிழையாகக் கையாளுகிறார்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கொண்டுவருகிறது. வெயிலில் நீர் ஆவியாகிப் போக உப்புச் சுவரின் முகத்திலே தங்கி, பூச்சைப் பொரிய வைக்கிறது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளே போகும். காய்ந்ததும் திரும்பப் பூக்கும். ஆகவே உப்பு முற்றாகக் காய்ந்திருக்கும் வேளையில் தும்புத் தூரிகையினால் உலர்வாகத் தட்டி, கீழே சாக்கு விரித்துச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். உவர்க் கிணற்று நீரினாற் சுவரைக் கழுவவோ சீமெந்து குழைக்கவோ கூடாது. 2004 டிசம்பரிற் கடற்கோள் புகுந்த கரையோர வீடுகளிலும் இதையே கவனிக்க வேண்டும்.

புகைக்கரிக்கும் தண்ணீர் முதலில் ஆகாது. அதில் எண்ணெய்த்தன்மை உண்டு. நனைத்தால் மை போலப் பரவும். உலர்ந்த தூரிகையாலும் துணியாலும் மேலிருந்து கீழாகத் துடைத்து, பின்னரே சவர்க்கார நீரைப் பாவியுங்கள்.

கறையை அகற்றினாற் போதாது. காரணத்தையும் அகற்ற வேண்டும். பீலி உடைந்து நீர் சுவரில் வழிகிறதா? இத்தனை ஆண்டுகளில் மண் அணைந்து அத்திவாரத்தை மூடிவிட்டதா? சுவர் வெடிப்பில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருக்கிறதா? மண்ணை வெட்டி விலக்குங்கள். கன்றைப் பிடுங்கி இழுக்காமல் அடியோடு வெட்டிப் பட விடுங்கள். வேர் பெருத்த கன்றை இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். இவற்றைச் செய்யாமற் கழுவிய சுவர் அடுத்த மாரியில் மறுபடி பச்சை பிடிக்கும்.

பொது விதி

மென்மையான முறையிலிருந்து தொடங்குங்கள். முதலில் உலர்ந்த தும்புத் தூரிகை. போதாவிட்டால் நல்ல தண்ணீர். அதுவும் போதாவிட்டால் சவர்க்கார நீர். பாசிக்கும் பூஞ்சணத்துக்கும் மட்டும் குளோரின் கரைசல். எதையும் ஒரு மறைவான மூலையில் ஒரு சாண் அளவு இடத்திற் செய்து பார்த்து, மறுநாள் காய்ந்த பின் பூச்சு உதிர்ந்ததா, நிறம் மாறியதா என்று கவனித்த பின்னரே முழுச் சுவருக்கும் செய்யுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. சுவர் நன்றாகக் காய்வதற்கு நாளும் கிடைக்கும். கிணற்றில் நீரும் இருக்கும்.

மேற்பரப்புக்கு ஏற்ற முறை

சுண்ணாம்புச் சாந்துச் சுவர்: யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் பல சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. திறப்பினாற் சுரண்டினால் இலேசாக வெள்ளைத் தூள் கொட்டும். இவற்றுக்கு அமிலம் எதிரி. சுண்ணக்கல்லில் அமிலம் பட்டதும் நுரைத்துக் கல்லே கரைகிறது. கறையோடு சுவரும் போகிறது. மென்மையான தூரிகையும் சிறிதளவு தண்ணீரும் போதும். பின்னர், நீற்றிய சுண்ணாம்பைப் பால் போலக் கரைத்து வடித்து, சுவரைச் சற்று நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை பாசியையும் பூஞ்சணத்தையும் கட்டுப்படுத்தும். சுவரின் ஈரம் வெளியேறவும் அது இடம் கொடுக்கும். இத்தகைய சுவரைச் சீமெந்தினாற் பூசி மூடினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சாந்து இளகும். நீறாத சுண்ணாம்பில் நீர் பட்டதும் கொதிக்கும். பிள்ளைகளை விலக்கி வையுங்கள், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

சீமெந்துப் பூச்சும் சீமெந்துக் கல்லும்: போரின் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்திலும் ஏனைய திட்டங்களிலும் கட்டப்பட்ட வீடுகளிற் பெரும்பாலானவை சீமெந்துக் கல் வீடுகள். நல்ல பூச்சு உரஞ்சிக் கழுவுவதைத் தாங்கும். தும்புத் தூரிகையும் சவர்க்கார நீரும் பாவித்து, பாசிக்குக் குளோரின் கரைசல் பூசலாம். பூசப்படாத கல்லோ நீரைக் குடிக்கும். அதிற் குழாயாற் பீச்சி அடித்தால் ஈரம் உட்சுவருக்கு வரும். குறைந்த நீரிற் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் வசதிக்கேற்ப வெளிப்புறத்தை முதலிற் பூசிவிடுங்கள்.

மண்சுவர்: தண்ணீரே வேண்டாம். விளக்குமாற்றினாற் தூசு தட்டி, கறையான் புற்று வழிகளைச் சுரண்டி எடுத்து, வெடிப்புகளுக்கு மண் அப்பி, மண்ணும் சாணமும் கலந்து மெழுகுங்கள். மண்சுவருக்குத் துப்புரவு என்பது மெழுகுதலே.

ஓடு: பழைய ஓடு வெயிலில் உறுதியாகத் தோன்றினாலும் மிதித்தால் உடையும், கீழேயுள்ள பனஞ்சலாகையைக் கறையான் தின்றிருந்தால் ஆளும் விழுவார். ஏறுமுன் உள்ளே நின்று சலாகைகளையும் வளைகளையும் பாருங்கள். இயன்றவரை ஓடுகளை வரிசையாக இறக்கி, நிலத்தில் வைத்துத் தும்பினால் உரஞ்சி, காய வைத்து மீண்டும் அடுக்குங்கள். கம்பித் தூரிகை ஓட்டின் முகத்தைக் கீறிவிடும். கீறிய ஓட்டிற் பாசி மேலும் எளிதாகப் பிடிக்கும்.

அஸ்பெஸ்டோஸ் சீற்: இதைக் கழுவாமல் விடுவதே நல்ல முறை. இதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத நார்கள் உள்ளன. உரஞ்சினாலும், சுரண்டினாலும், அறுத்தாலும், அழுத்தத்தில் நீர் பீச்சினாலும் அவை வெளிவரும். மூச்சோடு உட்சென்றால் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உட்பட நோய்களை உண்டாக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டோசும் புற்றுநோய் உண்டாக்குவது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடையாத கூரை கறுப்பாக இருப்பதாற் கேடில்லை, அப்படியே விடுங்கள். உடைந்த துண்டுகளை உலர்வாகக் கூட்டாமல் நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடி, கையாற் பொறுக்கித் தடித்த பொலித்தீனிற் கட்டி, எங்கே ஒப்படைப்பதென்று பிரதேச சபையிடம் கேளுங்கள். சாதாரண துணி இந்த நார்களை முழுதாகத் தடுக்காது. ஆகவே நனைத்து வைப்பதே முக்கிய பாதுகாப்பு. துண்டுகளை இடித்து முற்றத்துக்கோ பாதைக்கோ நிரவுவது, நஞ்சைப் பிள்ளைகள் விளையாடும் இடத்திற் பரப்புவதாகும்.

தகரமும் இரும்பும்: தகரத்தின் மேலுள்ள நாகப்பூச்சே அதைத் துருவிலிருந்து காக்கிறது. கம்பித் தூரிகையால் உரஞ்சினால் அது போய்விடும். மென்மையான துணியும் சவர்க்கார நீரும் போதும். குளோரின் கரைசல் உலோகத்தை அரிக்கும்; படக்கூடாது. துருப்பிடித்த இடத்தை மட்டும் கம்பித் தூரிகையாற் சுரண்டித் துருத்தடுப்புப் பெயின்ற் பூசுங்கள்.

மரக் கதவும் யன்னலும்: ஈரத் துணியாற் துடைத்து நிழலிற் காய விடுங்கள், நீர் ஊற்றி ஊறவிட்டால் மரம் முறுகும். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாக மண்கடதாசியால் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்து, கழிவைச் சேர்த்து அகற்றுங்கள். ஈயத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

வாடகைக்குக் கிடைக்கும் அழுத்த நீர் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். உறுதியான சீமெந்து நிலத்துக்கும் படிக்கட்டுக்கும் அது உதவும். மேற்சொன்ன வேறெந்தப் பரப்புக்கும் அதைத் தவிர்ப்பதே நன்று.

குளோரின் கரைசல்

கிணற்றுக்கு இடும் குளோரின் தூளே போதும். 10 லீற்றர் தண்ணீருக்குச் சுமார் 150 கிராம் போட்டுப் பிளாஸ்ரிக் வாளியிற் கரைத்து, தெளிய விட்டு, மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். சுவரை முதலில் நனைத்து, கரைசலைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தின் பின் உரஞ்சி, மேலிருந்து கீழாக நல்ல நீரால் அலசுங்கள். றப்பர் கையுறை அணிந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வேலை செய்யுங்கள்.

இத்தூளை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடும், தேசிக்காய்ப் புளியோடும், வினாகிரியோடும் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு எழும். யூரியா மூடை, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றோடு ஒரே அறையில் வைக்கவும் கூடாது. தீயோ நச்சு வாயுவோ உண்டாகலாம். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் தெளிகருவியை இவ்வேலைக்கு எடுக்க வேண்டாம். அதில் எஞ்சிய மருந்து வீட்டுச் சுவரிற் படியும்.

கிணற்றை மறவாதீர்கள்

யாழ் குடாநாட்டின் மண் மெல்லிய போர்வை. அதன் கீழே வெடிப்பும் துவாரமும் கொண்ட சுண்ணக்கல். நிலத்தில் ஊற்றுவது விரைவிற் கிணற்றைச் சேரும். ஆகவே கிணற்றுவாயை மூடி, கழுவும் நீர் கிணற்றுப் பக்கம் ஓடாதபடி சிறு அணை கட்டி, வேறு பக்கம் திருப்புங்கள். குளோரின் நீர் செடிகளின் வேருக்கும் ஆகாது. கழுவும் நாட்களிற் கூரையிலிருந்து வரும் நீரைக் குடிக்கச் சேமிக்க வேண்டாம்.

வேலை ஒழுங்கு

முதல் வாரத்திற் படம் எடுத்து, பற்றை வெட்டி, அத்திவாரத்து மண்ணை விலக்குங்கள். அடுத்துக் கூரையையும் பீலியையும் திருத்துங்கள். அதன் பின் மேலிருந்து கீழாகச் சுவர். கடைசியாகப் படியும் நிலமும். சுவர் இரண்டு மூன்று வாரம் காய்ந்த பின்னரே சுண்ணாம்போ பெயின்றோ அடியுங்கள். கையிற் பணம் குறைவாயின் பெயின்றைப் பின்போட்டு, பீலிக்குச் செலவிடுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, கிழமைக்கு ஒரு வீடாகச் சிரமதானம் செய்தால் ஏணியும் வாளியும் தூரிகையும் எல்லோருக்கும் பொதுவாகும். ஏணியைப் பிடிக்க ஆளும் இருக்கும். வயதான பெற்றோர் மட்டும் திரும்பியிருக்கும் வீட்டையும், பெண் தலைமை தாங்கும் குடும்பத்தின் வீட்டையும் அந்த வரிசையில் முன்னுக்கு வையுங்கள்.