சபாஷ் சொல்லாத ஸார்

ஒரே ஒரு முதல்தர ஆட்டம் ஆடிய வங்கி ஊழியர் ரமாகாந்த் அச்ரேகர். சச்சினை உருவாக்கியவர் என்று உலகம் அவரை அறியும். ஆனால் அவர் கணக்கில் இன்னொரு பத்தியும் இருக்கிறது: கோச்சுகள்.

1988 பிப்ரவரி. மும்பை ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியின் அரை இறுதி. தாதரில் உள்ள சாரதாஷ்ரம் வித்யாமந்திர் 84 ரன்களுக்கு இரண்டு விக்கெட்டை இழந்திருந்தது. அதற்குப் பிறகு செயின்ட் சேவியர் பள்ளிப் பையன்களுக்கு விக்கெட்டே விழவில்லை. 14 வயது சச்சின் டெண்டுல்கரும் 16 வயது வினோத் காம்ப்ளியும் அடுத்த நாளும் அடித்தார்கள். ஆட்டத்தை டிக்ளேர் செய்யச் சொல்லிப் பயிற்சியாளரின் உதவியாளர் எல்லைக்கோட்டிலிருந்து கத்தினார். இரண்டு பேரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் ஸ்கோர் 748. காம்ப்ளி 349, டெண்டுல்கர் 326, இருவரும் அவுட் இல்லை. சேர்த்த ரன்கள் 664.

அப்போது பயிற்சியாளர் மைதானத்தில் இல்லை. தொலைபேசியில் அவரிடம் பேசிய காம்ப்ளி, 350க்கு ஒரே ஒரு ரன்தான் பாக்கி என்று கெஞ்சிப் பார்த்ததாகவும், 'டிக்ளேர்' என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை என்றும் இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கோபத்தையோ என்னவோ காம்ப்ளி பந்து வீச்சில் காட்டினார். 37 ரன்களுக்கு ஆறு விக்கெட். சேவியர் 145க்குச் சுருண்டது.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடும் மூன்றாவது பையன் ஒருவன் உண்டு. அடுத்து இறங்க வேண்டியவன், கால்களில் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். வயது 13. பெயர் அமோல் மஜூம்தார். அவன் முறை வரவேயில்லை.

மாதுங்கா, செம்பூர் தமிழர்களுக்கு சிவாஜி பார்க் புதிய இடமல்ல. மாதுங்காவிலிருந்து நடந்தே போகலாம். தாராவியிலிருந்தும் அப்படியொன்றும் தூரமில்லை. 1925இல் மாநகராட்சி திறந்துவிட்ட அந்த 28 ஏக்கர் திடலில் மாலை நேரத்தில் போய் நின்றால் எந்தப் பந்து எந்த ஆட்டத்துடையது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். ஒரு ஆட்டத்தின் பாயிண்ட் ஆட்டக்காரர் இன்னொரு ஆட்டத்தின் மிட்-விக்கெட்டில் நிற்பார். நடுவே வலைகள். அவற்றில் ஒன்று காமத் மெமோரியல் கிரிக்கெட் கிளப்புடையது. தொப்பி அணிந்து அங்கே நின்ற மனிதரைப் பையன்கள் 'ஸார்' என்று மட்டும்தான் அழைத்தார்கள்.

கொங்கணக் கடற்கரையில் மால்வணில் 1932இல் பிறந்தவர் அச்ரேகர். 1945இல் நியூ ஹிந்த் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காக ஆடத் தொடங்கினார். பிறகு மில் அணி, துறைமுக அணி என்று மும்பையின் கிளப் கிரிக்கெட்டில் சுற்றி வந்தார். ஸ்டேட் பாங்கில் வேலை. 1963-64இல் ஹைதராபாதில் நடக்கும் மொயின்-உத்-தௌலா போட்டியில் பாங்க் அணிக்காக ஆடியதுதான் அவருடைய ஒரே முதல்தர ஆட்டம். ஆட்டக்காரராக அத்துடன் அவர் கதை முடிந்தது.

அமெரிக்காவில் என்றால் இப்படிப்பட்ட மனிதருக்கு வேறு மரியாதை. அங்கே கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒரு தேசியப் பிரமுகர். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் பத்து முறை தேசியப் பட்டம் வென்றார். தொடர்ந்து 88 ஆட்டங்கள் தோற்காத அணி அவருடையது. அந்த எண்களை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தியாவில் பள்ளி, கல்லூரி கோச்சின் வெற்றி தோல்விகளை யார் குறித்து வைக்கிறார்கள்? அச்ரேகர் காலத்தில் சாரதாஷ்ரம் எத்தனை கோப்பைகளை வாங்கியது என்பதைவிட, அந்தக் கோப்பைகளுக்கு ஆடிய பையன்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதை வைத்தே அவரை அளக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய முறையில் ரகசியம் எதுவும் இல்லை. வலைப்பயிற்சி மட்டும் போதாது, ஆட்டம் வேண்டும் என்பதே அவர் கொள்கை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆட்டம். 1984இல் 11 வயது சச்சினை அண்ணன் அஜித் சிவாஜி பார்க்குக்கு அழைத்து வந்தார். ஸாரின் பார்வை பட்டதும் பையனுக்குக் கை ஓடவில்லை. சிறுவன் இன்னும் தயாராகவில்லை என்று அச்ரேகர் திருப்பி அனுப்பப் பார்த்தார். மறைவாக நின்று ஒரு முறை பாருங்கள் என்று அஜித் கேட்டுக்கொண்டார். அச்ரேகர் மரத்தடியில் ஒதுங்கி நின்று பார்த்தார். மீதி எல்லோருக்கும் தெரிந்ததே.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒரு கோடை விடுமுறையின் 60 நாட்களில் 55 பயிற்சி ஆட்டங்களில் சச்சினை இறக்கினார் அச்ரேகர். காலை ஏழரைக்கு வலை, பிறகு ஆட்டம், மாலை ஐந்து மணிக்கு மறுபடி வலை. பல நாட்கள் தன் ஸ்கூட்டரின் பின்னால் பையனை உட்காரவைத்து ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்குக் கொண்டு போனார். காலையில் சிவாஜி பார்க், பிற்பகலில் ஆசாத் மைதானம். நாள் முடியும்போது ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அறுபது எழுபது பேர் சுற்றி நின்று பீல்டிங் செய்வார்கள். அவுட் ஆக்குபவனுக்கு அந்த நாணயம். யாராலும் முடியாவிட்டால் அது மட்டை பிடித்தவனுக்கு. இப்படிச் சம்பாதித்த 13 நாணயங்களைத் தன் பெரிய பரிசுகளில் ஒன்றாகப் பின்னாளில் குறிப்பிட்டார் டெண்டுல்கர். நாணயம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பேட், கையுறையோடு திடலை இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

மாநில அளவிலோ தேசிய அளவிலோ பயிற்சி மையங்கள் பெருகாத காலம் அது. பிட்சுக்குத் தண்ணீர் விடுவதும் ரோலர் இழுப்பதும் வலை கட்டுவதும் பையன்கள் வேலை. தவறுகளைத் துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு ஆட்டம் முடிந்ததும் சொல்வார் ஸார். பாராட்டு மட்டும் கிடையாது.

மாணவர்களின் வாழ்க்கையையே அவர் மாற்றியமைத்தார் என்பதும் உண்மை. பாந்திராவில் படித்த சச்சின், கிரிக்கெட்டுக்காகவே சாரதாஷ்ரமுக்கு மாறினார். பஸ் பயணத்தில் நேரம் வீணாகிறது என்று சிவாஜி பார்க்கை ஒட்டி இருந்த சித்தி வீட்டுக்குக் குடிபோனார். காம்ப்ளிக்கு அந்த வசதி இல்லை. காஞ்சூர்மார்கிலிருந்து கிட் பையைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயில் கூட்டத்தில் பிதுங்கி வரவேண்டும். காலை நேரத்தில் அந்த மார்க்கத்தில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மைதானம் இருவருக்கும் ஒன்றுதான், வந்து சேரும் பாதை ஒன்றல்ல.

வான்கடே அரங்கத்தில் நடந்த அறைச் சம்பவத்தையும் டெண்டுல்கரே சொல்லியிருக்கிறார். தனக்கு ஏற்பாடாகியிருந்த பயிற்சி ஆட்டத்தை விட்டுவிட்டு, பள்ளியின் சீனியர் அணி ஆடிய ஹாரிஸ் ஷீல்டு இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார் அவர். அங்கே ஸார் கண்ணில் பட்டுவிட்டார். விழுந்த அறையில் கையிலிருந்த டிபன் பாக்ஸ் பறந்தது. மற்றவனுக்குக் கைதட்ட நீ இங்கே வராதே, உனக்கு மற்றவர்கள் கைதட்டும்படி ஆடு என்பது அச்ரேகரின் வாதம். டெண்டுல்கர் அதை நன்றியோடு நினைவுகூர்கிறார். இன்றைய பெற்றோர் அதை ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அடி வாங்கி மேலே வந்தவன் கதைதான் மேடையில் ஒலிக்கிறது. அடி வாங்கி விலகிப் போனவனை யாரும் பேட்டி காண்பதில்லை.

இத்தனைக்கும் பலன் கண்கூடு. 1988 ஹாரிஸ் ஷீல்டில் ஐந்து இன்னிங்ஸில் ஒரே முறை அவுட்டாகி 1,025 ரன்கள் எடுத்தார் டெண்டுல்கர். இறுதி ஆட்டத்தில் மட்டும் 346. இவ்வளவுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான் வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையில் சென்னை எம்.ஆர்.எப். மையத்துக்குப் போய், டென்னிஸ் லில்லியால் மட்டையைப் பிடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். 1989 நவம்பரில் கராச்சியில் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 16 வயது. 664 ரன் சாதனை 2006 வரை நின்றது. ஹைதராபாத் பள்ளிப் பையன்கள் இருவர் 721 ரன் சேர்த்து அதை முறியடித்தார்கள்.

அச்ரேகரின் மாணவர்கள் பட்டியல் அதற்கு முன்பே நீளத் தொடங்கிவிட்டது. 1983 உலகக் கோப்பை இறுதியில் கார்டன் கிரீனிட்ஜின் ஸ்டம்பைச் சாய்த்த பல்விந்தர் சிங் சந்து, சந்திரகாந்த் பண்டிட், டர்பனில் முதல் டெஸ்டிலேயே சதமடித்த பிரவீண் ஆம்ரே, அஜித் அகர்கர், சஞ்சய் பாங்கர், ரமேஷ் பவார். 1990இல் அச்ரேகருக்குத் துரோணாச்சார்யா விருது கிடைத்தது. 2010இல் பத்மஸ்ரீ.

காம்ப்ளியின் கதை வேறு விதம். அடுத்தடுத்த இரண்டு டெஸ்டுகளில் இரட்டைச் சதம். 17 டெஸ்டில் சராசரி 54.20. கடைசி டெஸ்ட் 1995இல், 23 வயதில். ஒரே மரத்தடி, ஒரே ஸார், ஒரே அரை இறுதி. ஆனால் பயிற்சியாளரின் கை எதுவரை நீளும் என்பதற்கு அந்த 664இன் இரண்டு பாதிகளே சாட்சி.

அந்த மூன்றாவது பையன்? மஜூம்தார் 1994இல் ரஞ்சி கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே ஹரியானாவுக்கு எதிராக 260 ரன் எடுத்தார். முதல்தர அறிமுகத்தில் அது அன்றைக்கு உலக சாதனை. அடுத்த டெண்டுல்கர் என்றார்கள். ஆனால் இந்திய அணியின் நடு வரிசையில் டிராவிட், கங்குலி, லக்ஷ்மண், முதல் டெண்டுல்கர் ஆகியோர் இடம் பிடித்துவிட்டார்கள். 11,167 முதல்தர ரன்கள், 30 சதங்கள். இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட இல்லை. ஆசாத் மைதானத்தில் பேடைக் கட்டி உட்கார்ந்தது ஒரு ஒத்திகை என்று பட்டது பிற்பாடுதான்.

2006-07 ரஞ்சி சீசனில் அவர் மும்பையின் கேப்டன், பிரவீண் ஆம்ரே கோச். இரண்டு சாரதாஷ்ரம்காரர்கள். முதல் மூன்று ஆட்டங்களிலும் மும்பை தோற்றது. பரோடாவுக்கு எதிரான அரை இறுதியின் இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் ஐந்து விக்கெட் விழுந்தது. அப்படியும் அந்த ஆண்டு கோப்பை மும்பைக்குத்தான் போனது.

இந்த இடத்தில்தான் அச்ரேகரின் இரண்டாவது வாரிசு வரிசை கண்ணில் படுகிறது. பண்டிட் பயிற்சியாளராக மும்பைக்கு மூன்று ரஞ்சி கோப்பைகளும், அதுவரை வென்றே அறியாத விதர்பாவுக்கு 2018, 2019இல் இரண்டும் வாங்கிக் கொடுத்தார். பெங்களூர் சின்னசாமி அரங்கத்தில் 1999 இறுதி ஆட்டத்தில் மத்தியப் பிரதேசத்தின் கேப்டனாகத் தோற்றவர், 23 ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தின் கோச்சாக அதே இடத்தில் கோப்பையை வென்றார். அன்று எதிரணி மும்பை. அதன் கோச், அமோல் மஜூம்தார்! ரஞ்சி இறுதியின் இரு பக்கமும் ஒரே ஸாரின் மாணவர்கள். அதைப் பார்க்க அச்ரேகர் இல்லை.

2019 ஜனவரி 2ஆம் தேதி அவர் காலமானார். அரசு மரியாதை இல்லாமலே இறுதிச் சடங்கு நடந்தது பெரிய சர்ச்சையானது. பத்மஸ்ரீ பெற்றவருக்கு இந்த மறதி ஏன் என்ற கேள்விக்கு மகாராஷ்டிர அரசிடம் திருப்தியான பதில் இல்லை. பாடையைச் சுமந்தவர்களில் டெண்டுல்கரும் இருந்தார். 2024 டிசம்பர் 3 அன்று சிவாஜி பார்க்கின் ஐந்தாம் வாசல் அருகே அச்ரேகர் நினைவுச் சின்னத்தை டெண்டுல்கர் திறந்துவைத்தார். உடல் தளர்ந்த காம்ப்ளி மேடையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தது.

பாராட்டாத ஸாரிடம் பாராட்டு கேட்கும் துணிச்சல் டெண்டுல்கருக்கு 40 வயதில்தான் வந்தது. 2013 நவம்பரில் வான்கடேயில் விடைபெற்றபோது, 29 ஆண்டுகளில் ஒரு முறைகூட ஸார் 'நன்றாக ஆடினாய்' என்று சொன்னதில்லை, தலைக்கனம் வந்துவிடும் என்று பயந்தார், இனி ஆட்டமே இல்லை என்பதால் இப்போது சொல்லலாமே என்று மைக்கில் வேடிக்கையாகக் கேட்டார். நோயுற்றிருந்த அச்ரேகர் அந்த ஆட்டத்தைப் பார்க்க அரங்கத்துக்கு வந்திருந்தார்.

மஜூம்தாருக்கும் கைதட்டல் வந்தது, மெதுவாக. 2023 அக்டோபரில் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். சர்வதேச ஆட்டம் ஆடாதவருக்கு இந்தப் பதவியா என்று முணுமுணுப்பு இருந்தது. ஒரே முதல்தர ஆட்டம் ஆடியவரிடம் கற்றவரைப் பார்த்து இந்தக் கேள்வி! 2025 உலகக் கோப்பையில் தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்விகள். 2006இன் கணக்கு அப்படியே திரும்பியது. பிறகு நியூஸிலாந்தை வென்று அரை இறுதிக்குள் நுழைந்தார்கள். அங்கே ஆஸ்திரேலியா வைத்த 339 ரன் இலக்கை எட்டிப் பிடித்தார்கள். மும்பைப் பெண் ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன்களோடு அவுட்டாகாமல் நின்றார்.

இறுதி ஆட்டம் நவம்பர் 2ஆம் தேதி, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கத்தில். செம்பூரைத் தாண்டி வாஷி பாலம் ஏறினால் நெருல் எட்டிவிடும் தூரம்தான். மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவில் முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியா 52 ரன்னில் தென் ஆப்பிரிக்காவை வென்றது. இந்தியப் பெண்களின் முதல் உலகக் கோப்பை அது. மஜூம்தாருக்கு அடுத்த வாரம் 51 வயது முடிய இருந்தது.