போர்வெல்லில் காற்று வருதா? மோட்டாரை இறக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

ஏப்ரல், மே வந்தால் சொந்த போர்வெல் வைத்திருக்கும் வீடுகளில் கேட்கும் புலம்பல் இது: "மோட்டார் ஓடுது, ஆனா டேங்க் நிரம்ப மாட்டேங்குது." முதல் பத்து நிமிடம் தண்ணீர் நன்றாக விழும். அப்புறம் பைப் இருமத் தொடங்கும். தண்ணீரும் காற்றுமாக மாறி மாறி வந்து, கடைசியில் வெறும் காற்றுதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போர் மூடியைத் திறப்பதற்கு முன்பே பதில் ரெடி: "தண்ணி கீழ போயிடுச்சு சார். மோட்டாரை இன்னும் நாப்பது அடி இறக்கிட்டா சரியாயிடும்."

சில வீடுகளில் உண்மையிலேயே சரியாகிவிடும். வேறு சில வீடுகளில் பைப், கேபிள், கூலி என்று செலவு செய்த இரண்டே வாரத்தில் பழைய கதை திரும்பும், கூடவே மோட்டார் காயிலும் எரிந்திருக்கும். உங்கள் போர் இதில் எந்த ரகம் என்று ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு கெட்டி நூல்கண்டு, ஒரு பக்கெட், போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச், இவ்வளவு போதும்.

நாற்பது அடி என்றால் எத்தனை லிட்டர்?

முதலில் ஒரு சின்ன கணக்கு. ஆறரை இன்ச் போரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 6.5 லிட்டர். நாற்பது அடிக்கு 260 லிட்டர். நாலரை இன்ச் போராக இருந்தால் ஓர் அடிக்கு மூன்று லிட்டர்தான், நாற்பது அடிக்குச் சுமார் 125 லிட்டர்.

அதாவது, மோட்டாரை நாற்பது அடி இறக்குவதால் உறுதியாகக் கிடைப்பது 1,000 லிட்டர் டேங்கில் கால்வாசி. அதையும் ஒரு முறை எடுத்துவிட்டால் முடிந்தது. மறுபடி நிரம்ப வேண்டுமென்றால் ஊற்றிலிருந்து தண்ணீர் வந்து சேர வேண்டும். எனவே மோட்டார் எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது என்பதைவிட, ஊற்று எந்த ஆழத்தில் இருக்கிறது, மணிக்கு எவ்வளவு தருகிறது என்பதுதான் கேள்வி.

கோவை, சேலம், தர்மபுரி பக்கமெல்லாம் கீழே கடினப் பாறை. சென்னையிலும் பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் சார்னோகைட் பாறைதான். இந்தப் பாறைக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, அதிலுள்ள வெடிப்புகள் வழியாகத்தான் போருக்குள் வருகிறது. 180 அடியில் ஒரு வெடிப்பு, 260 அடியில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 200 அடியில் இருந்தால், அதை 250-க்கு இறக்குவதில் அர்த்தம் இருக்கிறது. போருக்குள் நீர்மட்டம் இறங்க இறங்க, கீழ் வெடிப்பிலிருந்து வரும் தண்ணீரின் வேகம் கூடும். ஆனால் இருக்கிற ஒரே வெடிப்பு 180 அடியில்தான் என்றால், நீர்மட்டம் அதற்குக் கீழே போன பிறகு நீங்கள் 300 அடிக்கு இறக்கினாலும் வரத்து ஒரு சொட்டு கூடாது. காலி ஓட்டைக்குள் மோட்டாரைத் தொங்கவிட்டதுதான் மிச்சம்.

வெடிப்பு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? போர் போட்ட அன்று எத்தனையாவது அடியில் புழுதி நின்று ஈரம் வந்தது, எத்தனையாவது அடியில் தண்ணீர் பீய்ச்சியது என்று வண்டிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அதை எழுதி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். பழைய வீட்டை வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் அளந்துதான் பார்க்க வேண்டும்.

காலையில் நூல், அப்புறம் பக்கெட்

இரவு முழுக்க மோட்டாரைப் போடாமல் விடுங்கள். காலையில் மெயினை அணைத்துவிட்டு, மூடியில் இருக்கும் துளை வழியாக ஒரு நட்டைக் கட்டிய நூலை மெதுவாக இறக்குங்கள். 'களுக்' என்று சத்தம் கேட்கும், நூலின் கனமும் சட்டென்று குறையும். அங்கே ஒரு முடிச்சு போட்டு அளந்தால் அதுதான் உங்கள் நீர்மட்டம். அதற்குக் கீழே நூலை விடாதீர்கள். பம்பிலோ கேபிளிலோ சுற்றிக்கொண்டால் பெரிய தலைவலி. போரின் மொத்த ஆழத்தை மோட்டாரை வெளியே எடுத்த பிறகுதான் அளக்க முடியும்.

அடுத்தது பக்கெட். காற்று வரும்வரை மோட்டாரை ஓட்டி, வந்ததும் அணைத்துவிடுங்கள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டு, காற்று வரும் வரை எத்தனை பக்கெட் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். 60 லிட்டர் கிடைத்தால், உங்கள் போர் இப்போது மணிக்குச் சுமார் 60 லிட்டர் ஊறுகிறது.

"அவ்வளவுதானா?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். மணிக்கு 60 லிட்டர் ஊறும் போரில், ஒரு நாளில் பத்து முறை பத்து நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டினாலே அது கிடைத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தேவை ஒரு டைமரும், தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரைத் தானே நிறுத்தும் டிரை ரன் கட்-ஆஃபும்தான். இறக்குவதைவிட இது செலவு குறைவு. ஆனால் பலர் இதை முதலில் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மணிக்கு ஒரு பக்கெட்கூடத் தேறவில்லை, கீழே வேறு வெடிப்பும் இல்லை என்றால், இறக்குவதற்குச் செலவு செய்யாதீர்கள். அந்தப் பணத்தை லாரித் தண்ணீருக்கும், மழைநீரை நிலத்துக்குள் அனுப்புவதற்கும் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது, மண் மூடிப்போய்.

கடற்கரைப் பக்கம் மணலில் போர் போட்டவர்களுக்கு விஷயமே வேறு. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி இடங்களில் கீழே போகப் போக உப்பு நீர் காத்திருக்கிறது. நல்ல தண்ணீர் மேலே மிதக்க, அடியில் கடல்நீர் இருக்கும். அங்கே ஆழமாக இறக்கி வேகமாக உறிஞ்சினால் உப்பை நாமே மேலே இழுத்துவிடுவோம். பக்கத்து வீட்டு போரும் சேர்ந்து கெடும்.

சரி, இறக்கித்தான் ஆகணும்னா?

அப்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, இப்போதிருக்கும் பம்ப் அந்த உயரத்துக்குத் தள்ளுமா? இதில் ஒரு குழப்பம் உண்டு. மோட்டாரை இறக்குவதால் மட்டும் பம்புக்குச் சுமை ஏறாது. நீர்மட்டத்திலிருந்து மாடி டேங்க் வரை உள்ள உயரம்தான் முக்கிய சுமை. ஓடும்போது நீர்மட்டம் 220 அடிக்குப் போய், டேங்க் தரையிலிருந்து 30 அடி மேலே இருந்தால் மொத்தம் 250 அடி, அதாவது சுமார் 76 மீட்டர். பம்பின் பெயர்ப் பலகையில் 'ஹெட்' என்று மீட்டரில் போட்டிருக்கும். அதில் 60 தான் என்றால் மோட்டார் ஓடும், தண்ணீர் டேங்குக்கு வராது.

இரண்டாவது, கேபிள். 8 ஆம்பியர் இழுக்கும் சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு 300 அடி நீளத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால் வழியிலேயே சுமார் 18 வோல்ட் போய்விடும். 2.5 போட்டால் 11 வோல்ட். கோடையில் வீட்டுக்கு வருவதே 200 வோல்ட் என்றால் இந்த வித்தியாசம் பெரிது. ஸ்டார்ட் ஆகும்போது கரன்ட் பல மடங்கு ஏறும் என்பதால் இழப்பு இன்னும் கூடும். பழைய கேபிளோடு புதுத் துண்டை ஜாயின்ட் போடும்போது சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விடுவதை ஏற்காதீர்கள். தண்ணீருக்குள் கிடக்கும் ஜாயின்ட் அது. அதற்கென்றே உள்ள வாட்டர்ப்ரூஃப் கிட் வேண்டும்.

மூன்றாவதை மெக்கானிக்குகளே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். சப்மெர்சிபிளில் மோட்டார் அடியில், பம்ப் மேலே, தண்ணீர் நுழையும் ஜாலி இரண்டுக்கும் நடுவில். ஊற்று மோட்டாருக்குக் கீழே இருந்தால், மேலே ஏறிவரும் தண்ணீர் மோட்டாரைத் தழுவிக் குளிர்வித்துவிட்டுத்தான் ஜாலிக்குள் போகும். எல்லா ஊற்றையும் தாண்டிக் கீழே இறக்கிவிட்டால், தண்ணீர் மேலிருந்து வந்து நேராக ஜாலிக்குள் போய்விடும். மோட்டார் அசையாத வெந்நீரில் நிற்கும், சூட்டில் காயில் போகும். இதற்கு மோட்டாரைச் சுற்றி ஒரு உறை மாட்டுவார்கள், ஜாலிக்கு மேலே மூடி, அடியில் திறந்திருக்கும். தண்ணீர் கீழே சுற்றி வந்து மோட்டாரைத் தொட்டுவிட்டு ஏறும். போரின் அகலம் அதற்கு இடம் தருமா என்று அளந்து பார்க்க வேண்டும். அடியில் சேறு இருக்கும் என்பதால் தரையிலிருந்து பத்து, இருபது அடியாவது விட்டுத்தான் தொங்கவிட வேண்டும்.

அந்த அரை நாள்

வேலை நடக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருங்கள். மெயின் அணைந்திருக்க வேண்டும், யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது. இரும்பு பைப் என்றால் 20 அடி நீளத் துண்டு செங்குத்தாக மேலே எழும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். போகிறது என்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. மோட்டாரைக் கேபிளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தனியாக ஒரு நல்ல கயிறு கட்டி, மேலே இரும்புக் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். பைப் கப்ளிங் கழன்றால் மோட்டாரைக் காப்பாற்றப்போவது அந்தக் கயிறுதான்.

மோட்டார் வெளியே இருக்கும்போது, "டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று எல்லோரும் கிளம்பும் பத்து நிமிடத்தில்கூட போரைத் திறந்தபடி விடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. திறந்த போர்களை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறைகள் கொடுத்திருந்தது. ஸ்பேனர் பெட்டியை மேலே வைத்தால் போதாது. கனமான இரும்புத் தகடோ, திருகி மாட்டும் மூடியோ வேண்டும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் ஒரு மார்க்கரைக் கொடுங்கள். போரின் மொத்த ஆழம், மோட்டார் நிற்கும் அடி, அன்றைய நீர்மட்டம், பம்பின் ஹெட், கேபிள் அளவு, தேதி, எல்லாவற்றையும் பேனல் போர்டு மூடியின் உள்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள்.