இலை நிழலும் சுவர் நிழலும்

சுவரோரம் ஒரு செடி, வேப்பமரத்தடியில் ஒரு செடி. இரண்டும் நிழலில்தான் நிற்கின்றன என்று நமக்குத் தோன்றும். செடிக்கு அவை வேறு வேறு செய்திகள்.

சுவர் வெளிச்சத்தைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இலையோ பொறுக்கி எடுக்கிறது. 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியைப் பச்சையம் உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத, 730-ஐ ஒட்டிய தொலைசிவப்பு ஒளி இலையை ஊடுருவியும் அதில் பட்டுத் தெறித்தும் போய்விடும். திறந்த வெயிலில் இரண்டும் ஏறத்தாழச் சமம். அடர்ந்த மரத்தடியிலோ சிவப்பு, தொலைசிவப்பில் பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைச் செடி எப்படி உணர்கிறது? 1952-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஊறிய லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பு ஒளி காட்டினார்கள், முளைத்தன. அடுத்துத் தொலைசிவப்பையும் காட்டியபோது, பெரும்பாலானவை முளைக்காமல் உறங்கின. மாற்றி மாற்றிப் பலமுறை காட்டிப் பார்த்தார்கள். கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ, அதன் சொல்லைத்தான் விதை கேட்டது. தாவரவியலில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது. விதைக்குள் இருந்தது பைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம். சிவப்பு பட்டால் விழிக்கும், தொலைசிவப்பு பட்டால் அடங்கும். 1959-இல் மக்காச்சோள நாற்றுகளில் அதை நேரடியாகவே கண்டார்கள்.

இலை நிழலில் பைட்டோகுரோம் அடங்கியதும், அது கட்டிவைத்திருந்த புரதங்கள் விடுபட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பைத் தூண்டுகின்றன. தண்டு நீள்கிறது, இலைகள் மேல்நோக்கி நிமிர்கின்றன, பக்கக் கிளைகள் குறைகின்றன. காட்டுத் தரையிலேயே வாழப் பழகிய செடிகள் வெளிச்சத்துக்கான இந்தப் பந்தயத்தில் இறங்குவதில்லை. மெல்லிய, அகன்ற இலைகளால் கிடைத்ததை ஏந்திக்கொள்கின்றன.

வெயில் விரும்பும் செடிகள் நிழல் விழும்வரைகூடக் காத்திருப்பதில்லை. பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் தெறிக்கும் தொலைசிவப்பே அவற்றுக்குப் போதும். 1990-இல் அர்ஜென்டினாவின் கார்லோஸ் பலாரே குழுவினர் நாற்றுகளின் தண்டைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் நிரப்பிய உறைகளைப் பொருத்தினார்கள். கரைசல் தொலைசிவப்பை வடிகட்டிவிட்டதால், அண்டைச் செடிகள் இருப்பதே அந்தத் தண்டுகளுக்குத் தெரியவில்லை, அவ்வளவாக நீளவுமில்லை.

முளைக்கீரையை நெருக்கி விதைத்த பாத்தியிலும் இதுவே நடக்கிறது. கிடுகிடுவென ஏறும் அந்த உயரம், இலைக்கும் வேருக்கும் போகவேண்டிய உணவைச் செலவழித்து வாங்கியது. இலைகள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே பாதியைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள்.