வீட்டுப் பயிற்சிக்கான கிட்டார் பெருக்கி

மின்கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் எனப்படும் காந்தச் சுருள் இருக்கும். அது கம்பியின் அதிர்வை மிகச் சிறிய மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அந்தச் சமிக்ஞையை வலுவாக்கி ஸ்பீக்கர் வழியே ஒலிக்கச் செய்யும் கருவியே கிட்டார் பெருக்கி. வாசிப்பவர்கள் இதை ஆம்ப் என்பார்கள். பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ ஆகும். வீட்டிற்கு வாங்கப்படுபவை பெரும்பாலும் காம்போக்களே. பாட்டுக் கேட்கும் பெருக்கி, பதிவான இசையை மாற்றாமல் தர முயல்கிறது. கிட்டார் பெருக்கி அப்படியன்று. மின்கிட்டாரின் குரலில் பாதி இந்தப் பெட்டியில்தான் உருவாகிறது.

வாங்குபவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதே. கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது.

நெய்வேலி நகரியத்தை எடுத்துக்கொள்வோம். 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம், இன்றைய என்.எல்.சி. இந்தியா, தன் ஊழியர்களுக்காக வட்டம் வட்டமாக அமைத்த ஊர் இது. சுரங்கமும் அனல் மின் நிலையமும் 24 மணி நேரமும் ஷிஃப்ட் முறையில் இயங்குகின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவருக்குக் காலை 9 மணிதான் நடுநிசி. பள்ளி விடுமுறையில் ஒரு மாணவன் பயிற்சிக்கு உட்காரும் நேரமும் அதுவே. ஒட்டிக் கட்டிய குவார்ட்டர்ஸில் சட்டப்படி பகலாக இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே குறைந்த ஒலியிலும் நன்றாக ஒலிக்கும் ஆம்ப்தான் இங்கே நல்ல ஆம்ப்.

வாட் எண்ணிக்கை இதில் பெரிதும் ஏமாற்றும். திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 10 டெசிபெல். காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு சத்தம், பத்து மடங்கு அன்று. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 97 டெசிபெல் ஒலிக்கக்கூடும். அறையில் பயிற்சிக்கு 70 டெசிபெல் தாராளம். கணக்கிட்டால் அதற்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்குதான்!

வால்வு ஆம்ப் மீது பலருக்கு ஆசை உண்டு. வால்வை அதன் எல்லைக்குத் தள்ளும்போது பிறக்கும் கரகரப்புதான் ராக் இசையின் அடையாளமாயிற்று. ஆனால் 5 வாட் வால்வு ஆம்பைக்கூட அந்த நிலைக்குக் கொண்டுபோனால் தெருவே கேட்கும். மெதுவாக வைத்தால் வாங்கிய காரணமே போய்விடும். பழைய ஆம்ப்களின் குரலை எண்ணிம முறையில் போலச்செய்யும் மாடலிங் ஆம்ப்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் 3 வாட்தான், பேட்டரியிலும் இயங்கும். பாஸ் கட்டானா 50-இல் திறனை அரை வாட்டுக்குக் குறைக்கும் வசதி உண்டு. எதை வாங்கினாலும் ஹெட்போன் துளையும், செல்பேசியிலிருந்து பாட்டை இணைக்கும் துளையும் இருக்கட்டும். கெய்ன், மாஸ்டர் வால்யூம் என இரண்டு குமிழ்கள் தனித்தனியே இருந்தால்தான் சத்தம் கூட்டாமல் கரகரப்பு கிடைக்கும்.

ஆர். பிரசன்னாவைப் போலக் கருநாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்க விரும்புவோருக்குத் தேவை வேறு. கமகம் முடியும்வரை சுரம் அணையாமல் நிற்க வேண்டும். கெய்னைச் சற்றே ஏற்றினால் போதும். மிகுந்தால் நுணுக்கங்கள் மங்கிவிடும்.

ஆம்பைத் தரையில் வைப்பது பரவலான தவறு. ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்க்கோட்டில் செல்வதால் அது முழங்காலுக்குத்தான் கேட்கும்; வாசிப்பவர் தெளிவு போதவில்லை என்று வால்யூமை ஏற்றுவார். கனத்த ஒலியோ தரை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். நாற்காலியில் மடித்த போர்வை மேல் வைத்து, காதை நோக்கித் திருப்பினால் இரண்டும் குறையும்.

நண்பர்கள் கூடி வாசிக்கும்போது கணக்கு மாறுகிறது. கஹோன், இன்னொரு கிட்டார் அளவில் 20 வாட், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் போதும். முழு டிரம்ஸ் வந்தால் 12 அங்குலத்துடன் 40, 50 வாட் வேண்டும். அதற்குக் குவார்ட்டர்ஸ் இடமன்று, அரங்கமோ தேவாலயக் கூடமோ பார்க்க வேண்டியதுதான். பேஸ் கிட்டாரை அதே ஆம்பில் சொருகாதீர்கள், சிறிய ஸ்பீக்கர் கிழியக்கூடும். கீபோர்டும் பாட்டுக் குரலும் அதில் மந்தமாகவே ஒலிக்கும்.

இரைச்சல் கேட்டால் எர்த் இணைப்பைச் சோதிக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கி இரைச்சலைக் குறைப்பது சிலரது பழக்கம். கம்பியைத் தொட்டுக்கொண்டே வாசிக்கும் கருவியில் இது உயிருக்கே ஆபத்து.

வாங்கும் முன் சொந்தக் கிட்டாரை எடுத்துச் சென்று வாசித்துப் பார்ப்பது நல்லது. சென்னை வரை போகிறவர்களுக்கு அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் உண்டு. கடையில் எல்லா ஆம்பும் உரக்க வைத்தால் இனிக்கும். வால்யூமைப் பேச்சுக் குரலுக்கும் கீழே இறக்கி ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.