உன் கை பட்டது எது?

டீ ஆறட்டும். அதற்குள் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பட்டப்படிப்பையே முடிக்காத பிள்ளைகள் ஆராய்ச்சி என்று எதைச் செய்துவிடப் போகிறார்கள், அதைக் காட்ட ஒரு பல்கலைக்கழகம் ஏன் மெனக்கெட்டு விழா எடுக்கிறது என்பதுதானே கேள்வி?

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட், 1957-ல் எம்.ஐ.டி.யில் பேசும்போது, உள்ளே நுழைந்த முதலாண்டிலேயே மாணவருக்குச் சொந்த ஆராய்ச்சி ஒன்று வேண்டும் என்றார். 1969-ல் மார்கரெட் மக்விகார் என்ற இளம் பேராசிரியை அதை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பேராசிரியரின் ஆய்வில் மாணவர் சேரலாம். கிரெடிட் வாங்கலாம், இல்லையென்றால் சம்பளம். 1987-ல் வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில், இளங்கலை மாணவர்களுக்கென்றே தேசிய மாநாடு தொடங்கியது. இன்று ஏப்ரல் வந்தால் அமெரிக்காவின் பல கல்லூரிகளில் இந்தக் காட்சிதான்.

பெரிய கூடம், வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் நான்கடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒரு போஸ்டர், பக்கத்தில் அதைச் செய்த மாணவர். என்ன கேட்டோம், எப்படித் தேடினோம், என்ன கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். பொடி எழுத்தில் முழுக் கட்டுரையையும் ஒட்டிவைப்பவர்களும் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. 2019-ல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர், முக்கியமான முடிவு ஒன்றை மட்டும் நடுவில் கொட்டை எழுத்தில் போடுங்கள், மீதிக்கு க்யூஆர் கோடு போதும் என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ஆனால் போஸ்டர் ஒரு சாக்குதான். வேலை நடப்பது பேச்சில். முதலில் வருபவர் அதே துறைப் பேராசிரியர். மாதிரி எத்தனை எடுத்தாய், ஒப்பிட எதை வைத்தாய் என்று குடைவார். அவர் நகர்ந்ததும் வரலாறு படிக்கும் பையன் வருவான். அடுத்து யாரோ ஒருவருடைய அம்மா. ஒரே விஷயத்தை மூவருக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும், ஒன்றிலும் பொய் கலக்கக் கூடாது. மூன்றாவது முறை சொல்லும்போதுதான் தன் வாதத்தில் எங்கே ஓட்டை என்று பல பிள்ளைகளுக்கே தெரியவரும். தேர்வுத் தாளில் இது நடக்காது. அங்கே எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லை.

இன்னொரு சிக்கல். பேச இடம் கேட்டு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது மாதக்கணக்கில் முன்னால். அப்போது முடிவே வந்திருக்காது. “எதிர்பார்க்கிறோம்” என்று எழுதி அனுப்பிவிட்டு, கடைசியில் சோதனை காலை வாரினால், அதையே போஸ்டராக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏன் சரிவரவில்லை என்று விளக்கும் மாணவரிடம் நான் அதிக நேரம் நின்றுவிடுவேன்.

நடனம், ஓவியம், சிறுகதையும் இதே விழாவில் மேடையேறும். ஆடி முடித்ததும், எந்தக் கேள்வியிலிருந்து இந்த அசைவு பிறந்தது என்று சொல்லச் சொல்வார்கள். சிலருக்கு அந்த விளக்கம் உதவும். பலருடைய ஆட்டம் விளக்கத்தைவிட நன்றாகவே இருக்கும். அங்கே கைதட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

எப்போதாவது அப்படி ஒரு கூடத்துக்குப் போனால், “இதில் உன் கை பட்டது எது?” என்று கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் கேள்வியைப் போட்டவர் பேராசிரியராக இருக்கலாம், கருவியை ஓட்டியவர் முனைவர் பட்ட மாணவராக இருக்கலாம். நல்ல பிள்ளை தயங்காமல் இரண்டு வரைபடங்களைத் தொட்டுக் காட்டும்: இது நான் எடுத்த அளவு, அது அண்ணன் எடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எடுத்ததைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.