பூச்சிமருந்தைத் தாங்கும் நண்டு, நோயையும் தாங்குமா?

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சத் தண்ணீர் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. வயல் நண்டு முதல் கழிமுக இறால் வரை வாழ்வது இந்தத் தண்ணீரில்தான். மழை பெய்தால் வயலில் அடித்த பூச்சிமருந்தும் கூடவே வரும். அதை இவை எப்படிச் சமாளிக்கின்றன?

நண்டுக்கு ஏன் ஆபத்து?

பூச்சியும் நண்டும் கணுக்காலிகள், பங்காளிகள் மாதிரி. பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து, நண்டையும் இறாலையும் விட்டுவைக்காது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நண்டின் ஓட்டைப் பிரித்தால் மஞ்சளாக ஒரு பகுதி தெரியுமே, அதுதான் கல்லீரல்-கணையச் சுரப்பி. நஞ்சு நீக்கும் நொதிகளின் முக்கியமான பட்டறை அது. முதலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதி, நஞ்சோடு ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அடுத்து வருவது ஜிஎஸ்டி. வரி இல்லை, குளுட்டதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ்! இது குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறை நஞ்சில் ஒட்டிவிடும். தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருளாகிவிட்ட நஞ்சு, உடலைவிட்டு வெளியேறும்.

எப்போதும் இது கைகொடுக்காது. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து, முதல் கட்டத்திலேயே இன்னும் கொடிய நஞ்சாக மாறிவிடும்.

நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நண்டு, இறாலுக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. அவற்றின் ரத்த அணுக்கள், வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஏவிக் கிருமியைக் கொல்லும். அவை சொந்தத் திசுவையும் சுட்டுவிடும். அதைத் தணிக்க சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் நொதிகளும் குளுட்டதயோனும் வேண்டும். அதாவது, பர்ஸ் ஒன்று, செலவு இரண்டு. பூச்சிமருந்துக்கே கையிருப்பு கரைந்தால், கிருமி வரும்போது பற்றாக்குறைதான்.

அப்போ நொதி வலுவாக இருந்தால் போதுமா?

போதாது. 1990-களின் நடுவில் வெண்புள்ளி வைரஸ், தமிழக இறால் பண்ணைகளைப் புரட்டிப்போட்டது. அறிகுறி தெரிந்த சில நாட்களிலேயே குளமே காலியாகிவிடும். பல வகை நண்டுகள் அதே வைரஸைச் சாகாமலே சுமக்கும். பண்ணைகளைச் சுற்றி நண்டு வேலி போடுவது அதனால்தான். நல்ல குஞ்சும் சுத்தமான நீரும் முதல் காப்பு. நொதி அதற்குத் துணை.

அந்தத் துணையை வீணாக்காமல் இருப்பது மேட்டு நிலத்திலேயே தொடங்குகிறது. மழை வரும் நாளில் மருந்து அடிக்காதீர்கள், ஸ்பிரேயரை வாய்க்காலில் கழுவாதீர்கள். கீழே ஒரு இறாலுக்குச் செலவு மிச்சம்.