மாணவர்களை அழைத்து வந்த நான்கு பக்க நோட்டீசு

தேவ்நார் என்றதும் இறைச்சிக் கூடமும் குப்பைமேடும்தான் பலருக்கு நினைவு வரும். 1954 முதல் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருப்பதும் இங்கேதான். செம்பூர், கோவண்டி, தேவ்நார் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரி மாணவர்கள். அவர்களில் படம் போடத் தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு வடிவமைப்புக் குழு தொடங்க நினைத்தால், முதல் வேலை ஆள் சேர்க்கும் நோட்டீசுதான்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு.

வைமர் நகரில்...

முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1919. ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் ‘பௌஹவுஸ்’ என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களை அழைக்க அவர் அச்சிட்டது நான்கே பக்கம். முகப்பில் பைனிங்கர் என்ற ஓவியர் மரக்கட்டையில் செதுக்கிய தேவாலயப் படம். உள்ளே பள்ளியின் நோக்கம், பயிற்சி, சேரும் விதம். வயதோ, ஆணா பெண்ணா என்பதோ தடையில்லை என்றது நோட்டீசு.

பெண்கள் திரளாக வந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பிவிட்டார்கள்! பெயர்பெற்ற அப்பள்ளிக்கு அது ஒரு குறையாகவே நிற்கிறது. நோட்டீசு என்பது வாக்குறுதி. காப்பாற்ற முடிந்ததை மட்டுமே அச்சேற்ற வேண்டும்.

என்ன எழுதுவது?

ஏ-4 தாளை நான்காக வெட்டினால் நான்கு நோட்டீசு. வண்ணத்தாளில் ஒரே மை போதும், செலவு குறையும். ஒரு படம், பெரிய எழுத்தில் ஒரு வரி, பிறகு இடம், நாள், நேரம். ‘திறமைசாலிகள் தேவை’ என்றால் கூச்சமுள்ள பிள்ளை வராது. ‘பென்சில் பிடிக்கத் தெரிந்தால் வரலாம்’ என்றால் வரும். நோட்டீசே குழுவின் முதல் வேலை. அதன் அழகைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குழுவை எடை போடுவார்கள்.

சோறு போடுமா?

‘படம் போட்டால் சோறு கிடைக்குமா?’ என்று கேட்கும் பெற்றோர், சம்பளக் கவரில் உள்ள ரூபாய் நோட்டைப் பார்க்கட்டும். அதிலுள்ள ரூபாய்ச் சின்னத்தை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். பவாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். 2010-ல் மத்திய அரசு அவரது சின்னத்தை ஏற்றது.

அச்சுக்குக் கொடுக்கும் முன், குழுவில் இல்லாத ஒருவரிடம் நோட்டீசைக் காட்ட வேண்டும். எங்கே, எப்போது வரவேண்டும் என்று அவர் உடனே சொல்லிவிட்டால் தாராளமாக அச்சடிக்கலாம்.